எண்ணம் ஏடாகும் வழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்து ஆண்டுகளை நிறைவு செய்யும் ஓர் இலக்கிய அமைப்பின் விழாவிலே, ‘படைப்பெண்ணங்களைச் செயலாக்குதல்’ என்னும் பொருள் பேச்சுக்குரியதாக அமைந்திருப்பது மிகவும் பொருத்தமே. இலக்கிய அமைப்பு எதுவாயினும் அதற்கு எண்ணப் பஞ்சம் என்பதே கிடையாது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையிலே ஓர் இதழ் பிறக்கிறது. ஒரு தொகுப்பு நூலுக்குப் பெயர் சூட்டப்படுகிறது. கவிதைப் பட்டறை ஒன்றுக்கு ஊரும் மண்டபமும் முடிவாகின்றன. அடுத்த திங்கள் கூடும்போது அவற்றுள் ஒன்றேனும் உயிரோடு இருப்பது அரிது. எண்ணியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். ஆர்வம் இல்லாதவர்களும் அல்லர். பின் எந்த இடத்திலே அந்த எண்ணம் நின்றுவிடுகிறது? இந்த உரை ஆராய முற்படுவது அந்த ஓர் இடத்தைத்தான்.

திருவள்ளுவர் செயலைப் பற்றிப் பேசும்போது அதனை ஒரே அதிகாரத்தில் அடக்கிவிடவில்லை. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். பின்னர் அமைச்சியலிலே வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று மேலும் மூன்றனைத் தொடர்ச்சியாக வைத்தார். ஏழு அதிகாரங்கள், எழுபது குறட்பாக்கள். இவை அரசனுக்கும் அமைச்சனுக்கும் கூறப்பட்டவை என்று கவிஞர்கள் ஒதுக்கிவிடுதல் ஆகாது. ஓர் ஏட்டை நடத்துபவனுக்கும் தன் வலிமையின் எல்லை தெரிந்தாக வேண்டும். காலம் தெரிந்தாக வேண்டும். இடம் தெரிந்தாக வேண்டும். இந்த அறிவுகளுள் ஒன்று குறைந்தாலும் எண்ணம் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்க் கவிதை வரலாற்றிலேயே சான்று உண்டு.

பாரதியார் கடையத்தில் வாழ்ந்த காலத்திலே, 1920ஆம் ஆண்டில், தம் எழுத்துகள் அனைத்தையும் வெளியிடுவதற்கு ஒரு திட்டம் வகுத்தார். கையெழுத்துப் படிகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொரு நூலிலும் 10,000 படிகள் அச்சிடுவது என்பது அத்திட்டம். மொத்தம் 4 இலட்சம் படிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விரைந்து சென்று சேரும் என்று நம்பினார். பொருளுதவி வேண்டி நண்பர்களுக்கு எழுதினார். எதிர்பார்த்த உதவி வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். பின்னர் 1922இல் செல்லம்மா பாரதி முயன்று, கணவரின் பாடல்களுள் ஒரு பகுதியைச் ‘சுதேச கீதங்கள்’ என்னும் பெயரில் அச்சேற்றினார்.

பாரதியின் கனவு பிழையான கனவு அன்று. இன்று அவர் நூல்கள் விற்பனையான கணக்கை எடுத்தால் 4 இலட்சம் என்பது சிறு தொகையே. கனவு கண்டவரின் கையில் அப்போது இருந்த வலிமைக்கும் கனவின் அளவுக்கும் இடையிலேதான் பெரும் பள்ளம் இருந்தது. நாற்பது நூலுக்கும் சேர்த்துத் திரட்ட வேண்டிய பொருள் திரளாதபோது முதல் நூலும் நின்றது. செல்லம்மா பாரதியோ, கைக்கு எட்டிய அளவில் தொடங்கினார், நூல் வெளிவந்தது.

இனிப் புதுக்கவிதையின் கதைக்கு வரலாம். வால்ட் விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ நூலைப் படித்த ந. பிச்சமூர்த்தி, யாப்பின் கட்டுக்கு வெளியே தமிழில் கவிதை இயலுமா என்று எண்ணிப் பார்த்தார். 1934இல் ‘மணிக்கொடி’யில் ‘காதல்’ என்னும் கவிதை வெளிவந்தது. தொடர்ந்து அவரும், கு.ப.ரா. முதலியோரும் அத்தகைய கவிதைகளை எழுதினர். நாற்பதுகளிலே திருச்சியிலிருந்து வந்த ‘கலாமோகினி’யும், துறையூரிலிருந்து வந்த ‘கிராம ஊழிய’னும் அவற்றுக்கு இடமளித்தன. எதிர்ப்பும் ஏளனமும் எழுந்தன. பின்னர் அந்த ஏடுகள் ஒவ்வொன்றாக நின்றன. நின்றபோது வசன கவிதை என்ற அந்த முயற்சியும் ஏறத்தாழ நின்றுபோயிற்று. பிச்சமூர்த்தியே பல ஆண்டுகள் கவிதை எழுதாதிருந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணம் தோன்றிவிட்டது, அதனைச் செய்து காட்டும் ஆற்றலுடைய கவிஞரும் இருந்தார், நல்ல கவிதைகளும் எழுதப்பட்டுவிட்டன. அப்படியிருந்தும் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக் காலம் அது வேர் பிடிக்கவில்லை. எழுதுவதோடு ஒரு படைப்பெண்ணம் முற்றுப் பெற்றுவிடுவதில்லை என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எழுதியது மீண்டும் மீண்டும் வெளிவருவதற்கும், அதனைப் படித்தவன் மறுமொழி எழுதுவதற்கும், அதைக் கண்டு மூன்றாமவன் ஒருவன் தானும் எழுதிப் பார்ப்பதற்கும் நிலையான ஓர் இடம் வேண்டும். வள்ளுவர் கூறிய இடனறிதலுக்குக் கவிஞருலகம் கொள்ளத்தக்க பொருள் இதுவே.

அந்த இடத்தை அமைத்துத் தந்தவர் சி.சு. செல்லப்பா. 1912இல் பிறந்து, வத்தலக்குண்டு மண்ணின் வாசனையோடு எழுதியவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். மணிக்கொடியில் சிறுகதை எழுதிப் பெயர் பெற்றவர். 1959ஆம் ஆண்டு சனவரியில் அவர் ‘எழுத்து’ என்னும் மாத ஏட்டைத் தொடங்கினார்.

செல்லப்பா அந்த ஏட்டைக் கவிதைக்காகத் தொடங்கவில்லை. தமிழிலே திறனாய்வு வளர வேண்டும். ஒரு படைப்பைப் பாராட்டுவதும் பழிப்பதும் போதா, ஏன் என்று காரணம் காட்டிப் பேசும் வழக்கம் வேண்டும் என்பதே அவருடைய முதன்மை நோக்கம். ஐம்பதுகளில் க.நா.சு.வும் அவரும் தமிழ்ச் சிறுகதையின் நிலைபற்றியும் திறனாய்வின் தேவைபற்றியும் எழுதிவந்தனர். அந்த விவாதத்திற்கு ஒரு களம் தேவைப்பட்டது. பெருவாரியாக விற்ற இதழ்கள் அதற்கு இடந்தர ஆயத்தமாக இல்லை. ஆகவே தாமே களம் அமைத்தார்.

அமைத்த முறையிலே வலியறிதல் இருந்தது. ‘எழுத்து’ 2,000 படிகளுக்கு மேல் அச்சிடப்பட மாட்டாது. கடைகளில் விற்பனைக்குத் தொங்காது. சந்தாதாரர்களுக்கே அனுப்பப்படும் என்று அவர் அறிவித்தார். பாரதியின் 4 இலட்சத்தையும் இந்த 2,000த்தையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். இது செல்லப்பாவின் கனவு சிறியது என்பதைக் காட்டாது. ஒரு தனி மனிதன் மாதந்தோறும் சுமக்கக்கூடிய எடை எவ்வளவு என்று அவர் முன்னரே நிறுத்துப் பார்த்திருந்தார் என்பதையே காட்டும். அந்த 2,000த்தையும் ஏடு ஒருபோதும் எட்டவில்லை. எட்டாதபோதும் ஏடு வந்தது.

ஓர் ஏடு மாதந்தோறும் வருவது என்றால் என்ன என்பதை ஏடு நடத்திப் பார்த்தவரே அறிவர். கட்டுரை கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். வந்ததைப் படித்து, ஏற்க முடியாததற்குக் காரணம் எழுத வேண்டும். அச்சகத்திலே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த காலம் அது. மெய்ப்பு வந்ததும் பிழை திருத்தி அன்றே திருப்ப வேண்டும். தாள் வாங்கக் காசு வேண்டும். மடித்து, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, குறித்த நாளில் அஞ்சலகத்தில் சேர்க்க வேண்டும். சந்தா முடிந்தவருக்கு நினைவூட்டல் எழுத வேண்டும். திருவல்லிக்கேணியில் இருந்தபடி இவ்வளவையும் பெரும்பாலும் ஒருவரே செய்தார். இவற்றுள் எந்த வேலையும் படைப்பு வேலை என்று பெயர் பெறுவதில்லை. எனினும், இவை நின்றால் படைப்பும் வாசகனைச் சென்றடையாது.

இனி, எதிர்பாராத விளைவைக் கூற வேண்டும். முதல் இதழிலே பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ என்னும் கவிதை இடம்பெற்றது. அது புதிதாக எழுதப்பட்டதன்று. முன்னரே வெளிவந்து மறக்கப்பட்ட ஒன்று. மறுபதிப்பாக வந்த அந்தக் கவிதையே புதிய தலைமுறைக்கு வாயில் திறந்தது. இப்படியும் எழுதலாம் என்று கண்ட இளைஞர்கள் எழுதி அனுப்பத் தொடங்கினர். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, ‘பசுவய்யா’ என்ற பெயரிலே ‘உன் கை நகம்’ எழுதினார். கடல் கடந்து திருகோணமலையிலிருந்து, இருபது வயது இளைஞரான தருமு சிவராமு கவிதையும் கட்டுரையும் அனுப்பினார். பிரமிள் என்று பின்னர் தமிழுலகம் அறிந்தவர் அவர். எஸ். வைத்தீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன், நகுலன், ஷண்முக சுப்பையா என்று வரிசை நீண்டது. சி. மணியின் நெடுங்கவிதையான ‘நரகம்’ 1962இல் இந்த ஏட்டிலேதான் வந்தது. ஓய்ந்திருந்த பிச்சமூர்த்தியும் மீண்டும் எழுதலானார். வாசகர் கடிதத்தில் தொடங்கிய வெங்கட் சாமிநாதன் திறனாய்வாளராக உருவானதும் இங்கேதான்.

திறனாய்வுக்கென விரித்த பாயிலே கவிதை வந்து அமர்ந்தது. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா? கவிதைக்கு அருகிலேயே அதைப் பற்றிய விவாதமும் நடந்தமையால்தான் இக்கவிஞர்கள் வளர்ந்தனர். மணிக்கொடிக் காலத்து முயற்சிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கைதட்டலும் கேலியும். எழுத்துக் காலத்தில் ஒரு கவிஞன் தன் கவிதையின் ஓசை எங்கே தளர்கிறது, படிமம் எங்கே பொருளை விட்டு விலகுகிறது என்று அடுத்த இதழிலேயே அறிய முடிந்தது. செல்லப்பா எண்ணிய திறனாய்வு எண்ணாத கவிதைக்கு உரமாயிற்று. செயலில் இறங்கியவனுக்குக் கிடைக்கும் பெரும்பேறு இதுதான். எண்ணத்தை மனத்திலேயே வைத்துக்கொண்டிருப்பவனுக்கு, எண்ணியது மட்டுமே கிடைக்கும். அதுவும் மனத்திலேயே கிடைக்கும். செய்யத் தொடங்கியவனுக்கோ அவன் எண்ணாதனவும் வந்து சேர்கின்றன. திட்டம் முழுமை பெறட்டும் என்று காத்திருக்கும் கவிஞர்கள் இதனைக் கருத வேண்டும்.

1962இல், ‘எழுத்து’ இதழ்களில் வந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து, ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுப்பைச் செல்லப்பா வெளியிட்டார். பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’, ‘வழித்துணை’ ஆகிய நூல்களும் எழுத்துப் பிரசுரமாக வந்தன. ஏட்டிலே சிதறிக் கிடந்தது நூலாகியபோதுதான் ‘புதுக்கவிதை என்று ஒன்று உண்டு’ என்பதைக் கல்விக்கூடங்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இன்னதென்று காட்டுவதற்குக் கையிலே ஒரு பொருள் இருந்தது.

இவ்வளவும் எந்த விலைக்கு வாங்கப்பட்டன என்பதை விழாமேடைகள் பெரும்பாலும் பெருமிதத்தோடு கூறிக் கடந்துவிடுகின்றன. அச்சடித்த நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு செல்லப்பா ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். ஏட்டுக்கான செலவிலே மனைவியின் நகைகளும் கரைந்தன. இச்செய்திகள் கேட்போர் கண்ணை நனைக்கின்றன. தியாகம் என்ற சொல்லை வருவிக்கின்றன. ஆயினும் இன்னொரு கேள்வியையும் அவை எழுப்ப வேண்டும். ஒரு மொழியின் கவிதைக்குப் பொதுவாக விளைந்த நன்மையின் செலவை ஒரு குடும்பம் மட்டும் ஏன் ஏற்க நேர்ந்தது? அந்த ஏட்டைப் படித்துப் பயன் பெற்றோர் அத்தனை பேர் இருந்தும், சுமந்த தோள் ஏன் ஒன்றாகவே இருந்தது?

மாத ஏடாகத் தொடங்கிய ‘எழுத்து’ பிற்பகுதியில் காலாண்டு ஏடாகச் சுருங்கி, 119 இதழ்களோடு 1970இல் நின்றது. கவிஞர் பஞ்சம் அதனை நிறுத்தவில்லை; கருத்துப் பஞ்சமும் நிறுத்தவில்லை. ஒரு மனிதரின் உடலும் பொருளும் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கின.

அதே 1970இன் பிற்பகுதியில் சென்னையிலே ‘கசடதபற’ தோன்றியது. ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி முதலிய இளைஞர்கள் நண்பர்களாகச் சேர்ந்து தொடங்கிய ஏடு அது. செலவைப் பலர் பங்கிட்டனர். வேலையையும் பலர் பங்கிட்டனர். தமிழ்ப் புதுக்கவிதைக்கு அது செய்த தொண்டு பெரிது. எனினும் ‘எழுத்து’ நீடித்த காலம் அது நீடிக்கவில்லை. கூட்டு முயற்சிக்கென்று ஓர் இடர்ப்பாடு உண்டு என்பதைத் தமிழ்ச் சிற்றேடுகள் பலவற்றின் வரலாறு காட்டும். பலர் பொறுப்பு என்றால், மெய்ப்பைத் திருப்ப வேண்டிய நாளில் அது எவர் பொறுப்பும் அன்று என்று ஆகிவிடுவதுண்டு.

ஆக, இரண்டு பாடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. தனி மனிதன் பொறுப்பேற்றால் வேலை நடக்கிறது, அவன் தேய்கிறான். பலர் சேர்ந்தால் சுமை குறைகிறது, பொறுப்பும் கரைகிறது. இலக்கிய வட்டம் என்னும் அமைப்புக்குப் பொருள் இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் இருக்கிறது. பொறுப்பு ஒருவருடையதாகவும் செலவு பலருடையதாகவும் இருக்குமாறு அமைத்துக்கொள்ள ஒரு வட்டத்தால் இயலும். செல்லப்பாவுக்குக் கிடைக்காமற்போன துணை அதுவே.

இதனை நடைமுறைச் சொற்களில் கூறுவதானால், வட்டத்தின் கூட்டத்தில் ஓர் எண்ணம் முன்வைக்கப்படும்போது, அதனை வாழ்த்துவதற்கு முன் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒருவர் யார்? அவருடைய நேரத்திலும் பணத்திலும் எந்தப் பகுதியை மற்ற எவரெவர் ஏற்பர்? இன்று கையிலுள்ள வலிமைக்கு எத்தனை பக்கம், எத்தனை படி இயலும்? முதல் வேலை எந்த நாளில் முடியும்? இந்நான்கிற்கும் விடை இல்லாத எண்ணத்தை இகழ வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்தால் போதும். விடையுள்ள எண்ணம், மிகச் சிறியதாயினும், அன்றே தொடங்கப்பெற வேண்டும். பொறுப்பேற்றவர் ஓராண்டின் பின் ஓய்வு பெறவும், அவரிடத்தில் மற்றொருவர் அமரவும் விதி இருத்தல் வேண்டும். தேய்ந்துபோகும்வரை ஒருவரைச் சுமக்கவிட்டு, பின்னர் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது நன்றி ஆகாது.

ஐந்தாவதாக ஒன்றையும் கூறலாம். வெளிவந்த ஒவ்வொன்றையும் அடுத்த கூட்டத்திலேயே காரணம் காட்டித் திறனாய்வு செய்யும் துணிவு வட்டத்திற்கு இருக்க வேண்டும். உறுப்பினர் கவிதை என்பதால் பாராட்டும் வழக்கம் நட்பை வளர்க்கும், கவிதையை வளர்க்காது. ‘எழுத்து’ உருவாக்கிய கவிஞர்கள் அன்பான சூழலைவிடக் கூர்மையான சூழலிலேயே உருவானார்கள்.

ஏடு நின்றபின் செல்லப்பாவும் நின்றுவிடவில்லை என்பதையும் நினைவுகூர்தல் தகும். எழுத்துப் பிரசுரம் தொடர்ந்தது. ‘தீபம்’ இதழில் வல்லிக்கண்ணன் தொடராக எழுதிய ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ எழுத்துப் பிரசுர நூலாக வெளிவந்து, 1978இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. எந்தக் கவிதை முயற்சி ஒரு காலத்தில் ஏளனத்திற்கு உரியதாயிருந்ததோ, அதன் வரலாற்றுக்கே நாட்டின் பரிசு கிடைத்தது. எண்பத்தைந்து வயதை எட்டியபோது, 1997இல், விடுதலைப் போராட்டக் காலத்தைப் பற்றிய ‘சுதந்திர தாகம்’ என்னும் பெரிய நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் அவர் மறைந்தார். 2001ஆம் ஆண்டிற்கான சாகித்திய அக்காதெமி பரிசு அந்நாவலுக்கு அளிக்கப்பட்டது. பரிசை நோக்கி வேலை செய்தவராயின் அவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்திருப்பார்.

அவையோர்களே! இந்த விழா மலரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் மனத்தில் எண்ணமாக இருந்ததுதான். கட்டுரை தராதவரிடம் நான்காம் முறை கேட்டவர் ஒருவர் இருந்தமையால், விளம்பரத்திற்காகக் கடைப்படி ஏறியவர் ஒருவர் இருந்தமையால், மெய்ப்பிலே ஒற்றுப்பிழை தேடிக் கண் சிவந்தவர் ஒருவர் இருந்தமையால் அது ஏடாகிக் கைக்கு வருகிறது. அவர்களுடைய பெயர்கள் கவிஞர் வரிசையில் இடம்பெறாமல் போகலாம். ஆயினும், பத்து ஆண்டுகளாக இந்த வட்டத்தை வட்டமாக வைத்திருந்தவை அவர்களுடைய கைகளே.

பதினொன்றாம் ஆண்டின் முதற்கூட்டத்திற்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பத்தாண்டுக் கூட்டக் குறிப்பேடுகளை எடுத்து, முன்மொழியப்பட்டு நின்றுபோன எண்ணங்களைப் பட்டியலிடுக. அவற்றுள் மிகச் சிறியது எதுவோ அதனைத் தேர்க. அதன் எதிரே ஒரு பெயரும், பங்கேற்போர் பட்டியலும், படிகளின் எண்ணிக்கையும், முடிக்கும் நாளும் எழுதுக. அதை முடித்தபின் அடுத்ததைப் பார்க்கலாம்.